சிறுதீவு அரசும் வெளியூர் வல்லுநரும்

1. பணியிடங்களின் கணக்கு

தென் அட்லாண்டிக் பெருங்கடலில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது செயின்ட் ஹெலினா. பரப்பு 122 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 4,400. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சி ஒன்றில் இருக்கக்கூடிய தொகைதான். ஊராட்சிக்கு ஒரு செயலர் இருந்தால் அன்றாட நிர்வாகம் நடந்துவிடும். நீதிமன்றம், தலைமை மருத்துவமனை, தணிக்கை, சிறை எல்லாம் மாவட்டத்திலோ தலைநகரிலோ இருக்கின்றன. செயின்ட் ஹெலினாவுக்கு அப்படி அடுத்த ஊர் கிடையாது. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அரசு வழக்கறிஞர், தலைமைத் தணிக்கையாளர், குடிநீர்ப் பொறியாளர், கால்நடை மருத்துவர், சுங்க அதிகாரி, வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என ஒரு நாட்டுக்கு வேண்டிய அத்தனை பேரும் அந்த 4,400 பேருக்காகத் தேவைப்படுகிறார்கள்.

சிறுதீவு நிர்வாகத்தின் அடிப்படைச் சிக்கல் இதுதான். மக்கள்தொகை குறைந்தால் பணியாளர் எண்ணிக்கை குறையலாம். பணியிடங்களின் வகை குறையாது. நூறு மருத்துவர்கள் வேண்டிய இடத்தில் மூன்று பேர் போதும் என்றாலும், அந்த மூவருக்குள் எல்லா மருத்துவப் பிரிவுகளும் அடங்கியாக வேண்டும். அத்தனை துறைகளுக்கும் ஆள் உருவாக்கும் அளவுக்கு ஒரு சிறுதீவில் பிள்ளைகள் பிறப்பதில்லை. படித்துத் தேறியவர்களும் தங்குவதில்லை. செயின்ட் ஹெலினாவினருக்கு 2002-இல் முழுமையான பிரிட்டிஷ் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. பிரிட்டனில் வேலை பார்க்கும் உரிமையும் அதனுடன் வந்ததால், வேலை செய்யும் வயதினர் பெருமளவில் வெளியேறினார்கள். 1998-இல் ஐயாயிரத்தை ஒட்டியிருந்த மக்கள்தொகை 2008 கணக்கெடுப்பில் 4,257 ஆகக் குறைந்தது. தீவினர் பிரிட்டனிலும் ஃபாக்லாந்து, அசென்ஷன் தீவுகளிலும் வேலை செய்ய, தீவின் வேலைக்கு வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதாயிற்று.

புதிய முதலீடு வரும்போதெல்லாம் இந்தத் தேவை கூடுகிறது. பிரிட்டிஷ் அரசின் சுமார் 28.5 கோடி பவுண்டு செலவில் செயின்ட் ஹெலினாவில் விமான நிலையம் கட்டப்பட்டது. ஓடுபாதையில் திடீரென மாறும் காற்றின் வேகத்தால் 2016 மே மாதத் திறப்பு தள்ளிப்போய், 2017 அக்டோபர் 14-ஆம் தேதி முதல் வழக்கமான பயணிகள் விமானம் இறங்கியது. வாரத்துக்குச் சில விமானங்களே வந்தாலும், சான்று பெற்ற தீயணைப்புக் குழுவும் வானிலை நோக்கர்களும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களும் இருந்தால்தான் நிலையம் இயங்க முடியும். அதுவரை தீவில் இல்லாத தொழில்கள் சில ஒரே ஆண்டில் தீவின் அத்தியாவசியத் தேவைகள் ஆயின.

2. இருவகைப் பணியிடங்கள்

வெளியூர் வல்லுநரைத் தேடும் பணியிடங்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை போலத் தோன்றினாலும் அவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகையில் தீவுக்குத் திறமை தேவைப்படுகிறது. மருத்துவர், ஆசிரியர், பொறியாளர், மீன்வள விஞ்ஞானி, கணினி வல்லுநர் ஆகியோர் இவ்வகையினர். உள்ளூரில் தகுதியுடைய ஒருவர் கிடைத்தால் வெளியாள் வேண்டாம். மாலத்தீவின் பவளத் தீவுப் பள்ளிகளில் தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகிய இடங்களிலிருந்து சென்ற ஆசிரியர்கள் பல பத்தாண்டுகளாகப் பாடம் நடத்திவருவதும், இந்தியா கட்டித்தந்து 1995-இல் மாலேயில் திறக்கப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனையில் இந்திய மருத்துவர்கள் பணிபுரிந்ததும் இவ்வகையே.

இரண்டாம் வகையில் தீவுக்குத் தூரம் தேவைப்படுகிறது. நீதிபதி, காவல் அதிகாரி, தணிக்கையாளர், குழந்தைகள் நலப் பணியாளர் ஆகியோர் இவ்வகை. எல்லாரும் எல்லாருக்கும் உறவு என்ற ஊரில், சட்டம் படித்த உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தாலும் வழக்காட வருபவர் அவருடைய மைத்துனராக இருப்பார். இங்கே வெளியாளாக இருப்பதே தகுதியின் ஒரு பகுதி.

இவ்விரண்டையும் பிரித்தறியாத அரசு, முதல் வகையில் காலம் முழுவதும் வெளியாளையே நம்பியிருக்கும். இரண்டாம் வகையில் வெளியாளுக்குத் தேவையான பாதுகாப்பைத் தர மறந்துவிடும்.

3. ஒருவரே ஒரு துறை

பெருநாட்டில் ஒரு வல்லுநரின் மதிப்பு அவர் எவ்வளவு ஆழமாகத் தன் பிரிவை அறிந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. சிறுதீவில் அகலமே முதன்மை. கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டிரிஸ்டன் டா குன்யா தீவில் சுமார் 240 பேர் வாழ்கிறார்கள். விமான நிலையம் இல்லை. கப்பலில் ஒரு வாரப் பயணம். ஆண்டுக்குச் சில கப்பல்களே. கடல் அமைதியாக இருந்தால்தான் சிறு துறைமுகத்தில் இறங்க முடியும். 2017-இல் திறக்கப்பட்ட காமோக்லி மருத்துவ மையத்துக்கு வெளியிலிருந்து வரும் மருத்துவர், காலையில் ரத்த அழுத்தம் பார்த்து, மதியம் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டு, இரவில் மாரடைப்பு நோயாளியைக் கப்பல் வரும்வரை காக்க வேண்டியிருக்கும்.

தீவின் நோய்களும் தனியானவை. டிரிஸ்டன் மக்கள் ஏறத்தாழ அனைவரும், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து குடியேறிய சிலரின் வழித்தோன்றல்கள். அந்த முன்னோரில் சிலருக்கு இருந்த ஆஸ்துமா இன்று தீவில் வழக்கத்துக்கு மாறாக மிகுந்து காணப்படுகிறது. 1990-களில் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்துமாவின் மரபணுவைத் தேடி அங்கே போனது இதனால்தான். மயக்க மருந்து கொடுக்கும் முன் இந்த வரலாற்றை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். ஒரு நோயாளியின் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்பது அங்கே பெரும்பாலும் ஊரின் வரலாறே.

பசிபிக்கில் உள்ள பிட்கெயர்ன் இன்னும் சிறியது. மக்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. பிரெஞ்சுப் பாலினீசியாவின் மங்கரேவாவரை விமானத்தில் வந்து, அங்கிருந்து கப்பலில் ஒன்றரை நாள் போக வேண்டும். கப்பல் கரைக்கு வராது. தீவினர் நீள்படகில் வந்து ஆட்களையும் மூட்டைகளையும் இறக்கிப் போவார்கள். படகுத்துறையிலிருந்து ஆடம்ஸ்டவுன் குடியிருப்புக்கு ஏறும் செங்குத்துப் பாதையின் பெயரே ‘ஹில் ஆஃப் டிஃபிகல்டி’. புதிதாக வரும் மருத்துவரும் ஆசிரியரும் காவலரும் அந்த ஏற்றத்தின் வழியாகத்தான் பணியில் சேர்கிறார்கள். நியூசிலாந்திலிருந்து வரும் ஆசிரியர் முற்காலத்தில் பள்ளியோடு நின்றதில்லை. அரசு ஆலோசகர் பொறுப்பும், 1959-இல் தொடங்கிய ‘பிட்கெயர்ன் மிஸலனி’ என்ற தீவுச் செய்தித்தாளின் ஆசிரியர் பொறுப்பும் அவருக்கே. கூடுதல் பொறுப்பு என்பது அங்கே விதிவிலக்காக இருக்கவில்லை. பணியின் வரையறையே அதுவாக இருந்தது.

4. தேர்வு முறை

ஆகவே இத்தகைய பணிக்கான விளம்பரம் பட்டத்தையும் அனுபவ ஆண்டுகளையும் மட்டும் கேட்டு நிற்க முடியாது. அந்தப் பணியில் அமர்பவர் தனியாக எதைச் செய்ய வேண்டும், எதற்குத் தொலைவிலிருந்து உதவி கிடைக்கும், எதற்கு நோயாளியையோ கோப்பையோ தீவுக்கு வெளியே அனுப்ப வேண்டும் என்ற மூன்றையும் அது தெளிவாகச் சொல்ல வேண்டும். இதய அறுவையில் பெயர் பெற்றவரைவிட, குடல்வால் நீக்கவும் பிரசவ அறுவை செய்யவும் எலும்பு பொருத்தவும் கை பழகிய பொது அறுவை மருத்துவரே தீவுக்குப் பயன்படுவார். பெருமருத்துவமனைகளில் இத்தகையவர்கள் குறைந்துவருவதால் தேடும் களமும் சுருங்குகிறது.

விண்ணப்பங்கள் தீவுக்கு வெளியேதான் சேர்கின்றன. பிட்கெயர்னுக்கு ஆக்லாந்திலும், ஃபாக்லாந்துக்கும் செயின்ட் ஹெலினாவுக்கும் லண்டனிலும் அலுவலகங்கள் உள்ளன. நேர்காணல் பெரும்பாலும் காணொளியில் நடக்கும். முன்னாள் மேலதிகாரிகளின் பரிந்துரை, காவல்துறைச் சரிபார்ப்பு, உடல் தகுதிச் சான்று ஆகியவை எங்கும் உள்ளவையே என்றாலும், இங்கே அவற்றின் எடை வேறு. பெருநகரில் ஒருவருக்குப் பல்வலி வந்தால் அது அவருடைய சொந்தப் பிரச்சினை. மூன்று மாதத்துக்கு ஒரு கப்பல் வரும் தீவில், ஒரே மருத்துவருக்கு நோய் வந்தால் ஊருக்கே மருத்துவர் இல்லை.

விளம்பரத்தில் எழுதப்படாத தகுதி ஒன்றும் உண்டு. வல்லுநர் மாலையில் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு அடையாளம் தெரியாதவராக நடக்க முடியாது. கடையில் அரிசி வாங்கும்போது முன்னால் நிற்பவர் அன்று காலை அவர் அபராதம் விதித்தவராக இருக்கலாம். அவருடைய துணைவருக்கு வேலை கிடைக்குமா, பிள்ளைகளுக்கு எந்த வகுப்புவரை பள்ளி இருக்கிறது என்பவை பணியின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. ஃபாக்லாந்தில் பதினாறு வயதுவரைதான் பள்ளிப் படிப்பு. அதற்கு மேல் பிரிட்டன் போக வேண்டும். பதினைந்து வயது மகனோடு வருபவர் எத்தனை ஆண்டு இருப்பார் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். நேர்காணலில் குடும்பத்தையும் கணக்கில் சேர்த்துப் பேசுவது தீவு அரசுக்கும் நல்லது, வருபவருக்கும் நல்லது.

5. ஒப்பந்தமும் ஊதியமும்

பெரும்பாலும் இவை குறித்த கால ஒப்பந்தப் பணிகள். பிட்கெயர்னில் மருத்துவருக்கு வழக்கமாக ஓராண்டு. பெரிய தீவுகளில் இரண்டு, மூன்று ஆண்டுகள். வந்துபோகும் பயணச் செலவு, சாமான் ஏற்றுக்கூலி, வீடு, ஒப்பந்தம் முடியும்போது பணிக்கொடை ஆகியவை ஊதியத்தோடு பேசப்படும். வீடு இங்கே சலுகையாகாது. வாடகைக்கு விடும் வீடே இல்லாத ஊரில் அரசு வீடு தராவிட்டால் ஆள் வர முடியாது. டிரிஸ்டனில் நிலம் முழுவதும் சமூகத்துக்குப் பொதுவானது. வெளியார் அதை வாங்கவும் முடியாது, தீவில் நிலையாகக் குடியேறவும் முடியாது.

ஊதியம்தான் மிகக் கூர்மையான பிரச்சினை. செயின்ட் ஹெலினாவில் 2013-இல் முதன்முறையாகக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்டபோது அது மணிக்கு 2.30 பவுண்டு. அந்த ஊதியச் சந்தைக்குப் பிரிட்டனிலிருந்தோ தென்னாப்பிரிக்காவிலிருந்தோ மருத்துவரை வரவழைக்க வேண்டுமானால், அவருடைய ஊர்ச் சம்பளத்தைத் தந்தாக வேண்டும். பிரிட்டன் 1961-இல் தொடங்கிய கடல்கடந்த சேவை உதவித் திட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. உள்ளூர் அரசு உள்ளூர் விகிதத்தில் சம்பளம் தரும். மேல்வித்தியாசத்தைப் பிரிட்டன் தரும். 1971-இல் அமைந்த காமன்வெல்த் தொழில்நுட்ப ஒத்துழைப்பு நிதியும் இதே நோக்கத்தோடு ஒரு வளரும் நாட்டின் வல்லுநரை இன்னொரு வளரும் நாட்டுக்கு அனுப்பியது.

பணம் எங்கிருந்து வந்தாலும், ஒரே அறையில் இரு ஊதிய விகிதங்கள் என்ற நிலை தீரவில்லை. இருபது ஆண்டு பணியாற்றிய உள்ளூர்த் துணை அதிகாரி, தன்னைவிடப் பலமடங்கு சம்பளம் வாங்கும் புதியவருக்கு வேலை சொல்லித் தருகிறார். இரண்டு ஆண்டில் புதியவர் போய்விட, அடுத்தவருக்கும் அவரே சொல்லித் தருகிறார். சிறுதீவுகளில் வெளியூர் வல்லுநர் மீது எழும் மனத்தாங்கலுக்கு ஆளைவிட இந்த அமைப்பே பெரும்பாலும் காரணம். ஊதிய வேறுபாட்டை முழுமையாக நீக்க முடியாது. எந்தப் பணிக்கு, எவ்வளவு காலத்துக்கு, எதற்காக அந்த வேறுபாடு என்பதை வெளிப்படையாக அறிவிப்பது மட்டுமே அரசின் கையில் இருக்கிறது.

6. ஃபாக்லாந்தின் கணவாய்

முதல் வகைப் பணியிடத்துக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஃபாக்லாந்து தீவுகளின் மீன்வளத் துறை. 1980-களின் நடுப்பகுதிவரை அத்தீவுகள் ஆட்டு ரோமத்தை நம்பி வாழ்ந்தன. 1986 அக்டோபரில் தீவுகளைச் சுற்றி 150 கடல்மைல் அளவுக்கு மீன்வளப் பாதுகாப்பு மண்டலம் அறிவிக்கப்பட்டது. 1987 பிப்ரவரி முதல் அயல்நாட்டுக் கப்பல்களுக்கு உரிமக் கட்டணம் விதிக்கப்பட்டது. அரசின் வருவாய் ஓரிரு ஆண்டுகளில் பலமடங்கு உயர்ந்தது. எத்தனை கப்பலுக்கு உரிமம் தரலாம், எப்போது நிறுத்தச் சொல்லலாம் என்று சொல்லும் அறிவு அன்று தீவில் இல்லை.

அங்கே பிடிபடும் முதன்மை வளம் கணவாய். இல்லெக்ஸ் என்ற வகையும் லோலிகோ என்ற ஊசிக்கணவாயும் ஏறத்தாழ ஓராண்டே உயிர்வாழும். முட்டையிட்டதும் தாய் இறந்துவிடும். சென்ற ஆண்டின் மிச்சம் என்று கடலில் எதுவும் இருக்காது. இந்த ஆண்டு அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு முட்டையிட ஆளில்லை. ஆகவே கணக்கைப் பருவம் முடிந்தபின் போட முடியாது. பருவம் நடக்கும்போதே வாராவாரம் போட வேண்டும்.

இந்தப் பணிக்குத் தீவு அரசு ஒரு தனியாளைத் தேடவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜான் பெடிங்டன் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழுவை நாடியது. அவர்கள் பயன்படுத்திய முறை எளிமையானது. பருவத் தொடக்கத்தில் ஒரு கப்பல் ஒரு மணி நேரத்தில் பிடிக்கும் அளவையும், வாரங்கள் செல்லச் செல்ல அது குறையும் வேகத்தையும் பதிவு செய்ய வேண்டும். மொத்தம் பிடித்தது எவ்வளவு, அதனால் பிடிப்பு எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து தொடக்கத்தில் கடலில் எவ்வளவு இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். மீன்பிடியே நடக்காவிட்டால் பருவ முடிவில் எவ்வளவு எஞ்சியிருக்குமோ, அதில் 40 விழுக்காடாவது தப்பிப் பிழைக்க வேண்டும் என்பது இலக்கு. அந்த எல்லை நெருங்கினால் பருவம் முடியும் முன்பே மீன்பிடியை நிறுத்த வேண்டும்.

பல நாட்டுக் கப்பல்கள் கட்டணம் செலுத்திக் காத்திருக்கும்போது ‘நிறுத்து’ என்று சொல்ல அறிவோடு அதிகாரமும் வேண்டும். அந்த அதிகாரத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது; வல்லுநர் கணக்கைத் தந்தார். பிறகு ஸ்டான்லி நகரிலேயே மீன்வளத் துறையின் ஆய்வுப் பிரிவு வளர்ந்தது. பல நாடுகளைச் சேர்ந்த விஞ்ஞானிகள் அங்கேயே தங்கி வேலை செய்தனர். கப்பல்களில் நோக்கர்கள் ஏறி அளவெடுத்தனர். தொலைவில் இருந்த கணக்கு தீவின் சொந்தக் கணக்காயிற்று. தனியாளை அமர்த்தும்போது அவர் போனதும் அறிவும் போய்விடும். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, தரவைத் தீவிலேயே சேர்த்து வைத்ததால் ஃபாக்லாந்துக்கு அந்த இழப்பு நேரவில்லை.

7. அயலாராய் இருப்பதே தகுதி

இரண்டாம் வகைக்குப் பிட்கெயர்னின் வரலாறு கசப்பான சான்று. 1999-இல் பிரிட்டனின் கென்ட் காவல்துறையிலிருந்து தற்காலிகப் பணிக்கு வந்திருந்த பெண் அதிகாரியிடம் தீவின் பாலியல் குற்றங்கள் பற்றிய செய்தி முதலில் வந்தது. தொடர்ந்த விசாரணையில் பல பத்தாண்டுகளாகச் சிறுமியர் மீது நடந்த குற்றங்கள் வெளிப்பட்டன. 2004-இல் நியூசிலாந்திலிருந்து நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் சென்று தீவிலேயே விசாரணை நடத்தினர். குற்றம் சாட்டப்பட்ட ஏழு பேரில் ஆறு பேர் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீடுகளை 2006-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தள்ளுபடி செய்தது. தீவில் அதற்கு முன்பும் உள்ளூர்க் காவலர் இருந்தார். ஆனால் உறவினரிடம் சொல்ல முடியாததை அயலாரிடம்தான் சொல்ல முடிந்தது. அதன்பின் வெளியிலிருந்து வரும் காவல் அதிகாரியும் குடும்பநலப் பணியாளரும் தீவின் நிலையான ஏற்பாடாயினர்.

அயலார் என்ற தகுதிக்கு ஒரு பலவீனமும் உண்டு. அவர் தீவில் இருப்பதே அரசு தரும் விசாவைப் பொறுத்தது. பசிபிக்கின் நவ்ரூ நாட்டில் 2014 ஜனவரியில் ஆஸ்திரேலியரான நீதித்துறை நடுவர் பீட்டர் லா பணிநீக்கம் செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அதைத் தடுத்து ஆணையிட்ட தலைமை நீதிபதி ஜெஃப்ரி ஈம்ஸ் அப்போது நாட்டுக்கு வெளியே இருந்தார். அவருடைய விசா ரத்து செய்யப்பட்டது. அவர் அதே ஆண்டு பதவி விலகினார். பசிபிக்கின் மற்றொரு நாடான கிரிபாட்டியில் 2022-இல் நியூசிலாந்திலிருந்து வந்த தலைமை நீதிபதி இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆஸ்திரேலியாவில் பிறந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை நாடுகடத்த முயன்றபோது, ஓய்வுபெற்ற நியூசிலாந்து நீதிபதிகள் கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. அடுத்த மாதம் அவர்களும் இடைநீக்கம் செய்யப்பட்டனர்.

இவ்வழக்குகளில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். பணி அமர்த்தும் முறையைப் பொறுத்தவரை பாடம் ஒன்றுதான். அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவரின் நியமனம், புதுப்பிப்பு, விசா மூன்றும் அதே அரசின் கையில் இருந்தால் அவருடைய தூரம் வெறும் பெயரளவில்தான். குறுகிய காலப் புதுப்பிப்பைத் தவிர்த்து நீண்ட ஒரே பதவிக்காலம் தருவது, நீக்கத்துக்கு வெளி விசாரணைக் குழுவைக் கட்டாயமாக்குவது, பதவிக்காலம்வரை வசிப்புரிமையைச் சட்டத்தாலேயே தருவது ஆகியவை தேவையான பாதுகாப்புகள்.

8. பொறுப்பு ஒப்படைப்பு

முதல் வகைப் பணியில் வல்லுநரின் கடைசி மாதம் முதல் மாதத்தைப் போலவே முக்கியம். பழையவர் ஏறிப்போகும் கப்பலிலேயே புதியவர் வந்து இறங்கினால் இருவரும் சந்திப்பது படகுத்துறையில் சில மணி நேரமே. எந்த வால்வு இறுகிப்போயிருக்கிறது, எந்த நோயாளி எந்த மருந்தைச் சொல்லாமல் நிறுத்திவிடுவார் என்பவை கோப்பில் ஏறுவதில்லை. சில வாரங்களாவது இருவரும் சேர்ந்து பணியாற்ற இரட்டைச் சம்பளம் ஆகும். ஆனாலும் அது வீண் செலவாகாது.

உள்ளூர் வாரிசை உருவாக்குவது நீண்ட வேலை. ஃபாக்லாந்து அரசு தகுதியுள்ள மாணவர்களைத் தன் செலவில் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் உள்ள பீட்டர் சைமண்ட்ஸ் கல்லூரிக்கும், பின்னர் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்புகிறது. மீன்வள வருவாய் அதைச் சாத்தியமாக்கியது. அத்தகைய வருவாய் இல்லாத செயின்ட் ஹெலினா வேறு வழியையும் கையாள்கிறது. சட்டப் பட்டம் இல்லாத தீவினருக்குப் பயிற்சி அளித்து, வெளியிலிருந்து வரும் பொது வழக்கறிஞரின் கீழ் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை தரப்படுகிறது. முழுத் தகுதியுடையவர் உருவாகாவிட்டாலும், ஒரு பணியைப் பகுதிகளாகப் பிரித்து, உள்ளூரில் செய்ய முடிந்ததை உள்ளூரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எனவே சிறுதீவு அரசு விளம்பரம் வெளியிடும் முன்பே மூன்றை முடிவு செய்ய வேண்டும்: இந்தப் பணி எந்த வகை, முதல் வகையானால் இதை அடுத்து ஏற்கப்போகும் உள்ளூர்க்காரர் யார், இரண்டாம் வகையானால் இவரை நீக்கும் அதிகாரம் யாரிடம். இவற்றுக்கு விடை இல்லாமல் எவ்வளவு சிறந்த வல்லுநரை வரவழைத்தாலும், மூன்று ஆண்டு கழித்து அதே விளம்பரத்தை அரசு மீண்டும் வெளியிட வேண்டியிருக்கும்.